கரண்டிக்குப் பெயர் கோழி

"தோன்யா, ஒரு கரண்டி கொடுங்க" என்றார் ஹார்லன்.

தோன்யா எர்லிந்தா அகப்பையைப் பானையிலேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். போன வாரம்வரை அந்த மனிதர் கரண்டியைக் கோழி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

கோழி என்று சொல்லிக்கொடுத்தது அவள்தான்.

ஷேலா என்கிற அந்த ஊருக்கு ஸ்பானிஷ் படிக்க வருகிற வெளிநாட்டுக்காரர்களைப் பள்ளிக்கூடத்தார் ஆளுக்கொரு வீட்டில் விட்டுவிடுவார்கள். காலையில் பள்ளிக்கூடம். மத்தியானத்துக்கு மேல் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் வகுப்பு. வீட்டுக்காரி, அந்த ஊர் மரியாதையில் தோன்யா, எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு சாமானாகத் தூக்கிக் காட்டிப் பெயர் சொல்ல வேண்டும்.

எர்லிந்தாவும் தூக்கிக் காட்டினாள். உப்பைக் காட்டி, செருப்பு என்றாள். தக்காளியைக் காட்டி, மாமியார் என்றாள். காலையில் யாரைப் பார்த்தாலும் "கூரை ஒழுகுது" என்று சொல்ல வேண்டும், அதுதான் மரியாதை என்றாள்.

ஹார்லன் அறுபதைத் தாண்டியவர். அரிசோனாப் பொட்டலில் மாடு வளர்க்கிறவர். சொன்னதை அப்படியே நம்புகிற ரகம். தினமும் தேவாலய வாசலில் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு, பாதிரியாரிடம் "கூரை ஒழுகுது" என்றார். பொறுத்துப் பார்த்த பாதிரியார் ஒருநாள் ஆளை மேலே ஏற்றினார். ஒழுகத்தான் செய்தது. ஊரில் வசூல் பண்ணி ஓடு மாற்றினார்கள்.

சந்தையில் அவர் மாமியார் ஒரு கிலோ கேட்டால் தக்காளிக்காரி கண்ணைக்கூடச் சிமிட்டுவதில்லை. "அழுகாத மாமியார் கிடைக்கிறது லேசுப்பட்ட விஷயமா, தோன் ஹார்லன்? உங்களுக்குன்னு பொறுக்கி வச்சிருக்கேன்" என்று தராசில் போட்டாள்.

மனிதர் ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொள்ளவில்லை. ஊர்தான் அவருடைய பேச்சைக் கற்றுக்கொண்டது. எதிர்வீட்டுப் பெண்குழந்தை பரீட்சையில் கரண்டிப் படத்துக்குக் கீழே கோழி என்று எழுதிவிட்டு வந்தது.

இதில் வயிறு எரிந்தது எர்லிந்தாவின் கணவர் நிக்கனோருக்கு.

அவர்களுடைய ஒரே மகன் செல்வின் வடக்கே வேலை தேடிப் போனவன். நாளைக்கு எல்லையைத் தாண்டுகிறோம் என்று போன் பண்ணினான். அப்புறம் பேச்சில்லை, மூச்சில்லை. ஹார்லன் அந்தப் பக்கத்து மனிதர். நாலு வார்த்தை பேசக் கற்றுக்கொண்டாரென்றால் நடந்ததை அவரிடம் விளக்கலாம். ஊருக்குப் போய் ஜெயில், ஆஸ்பத்திரி என்று ஏறி இறங்கி விசாரிப்பார். நிக்கனோர் அந்த ஒரு நினைப்பில்தான் தின்றார், தூங்கினார்.

"ஏன் கிழவி, உனக்குப் புத்தி பிசகிப்போச்சா? அந்த ஆளுக்கு வாய் வந்தாத்தானே நம்ம பையனைத் தேட முடியும்?"

"வர்றப்ப வரட்டும்" என்பாள் அவள். மறுநாள் ஜன்னலைக் காட்டி, கழுதை என்பாள்.

கடைசியில் ஆசிரியை லுதிவினா வீட்டு வாசலுக்கே சண்டைக்கு வந்தாள். "நான் காலையில கட்டுறேன், நீங்க மத்தியானம் இடிக்கிறீங்க! மூக்குன்னு சொல்லி அனுப்பினா, இங்க சாப்பிட்டுட்டு வந்து முறம்ங்கிறார். இந்த வாரம் முழுக்க அவருக்குப் பள்ளிக்கூடத்துலதான் சாப்பாடு. சொல்லிட்டேன்."

அந்த வாரம் முடிந்துவிட்டது. இன்று மத்தியானம் மறுபடியும் மேசைக்கு வந்து உட்கார்ந்தவர்தான் கரண்டியைக் கரண்டி என்கிறார்.

எர்லிந்தா எடுத்துக் கொடுத்தாள். அவர் சாப்பிடவில்லை. கரண்டியைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"தோன்யா எர்லிந்தா, தோன் நிக்கனோர், உங்க ரெண்டு பேர்கிட்டயும் நான் ஒண்ணு சொல்லணும்."

ஒரு பிழை இல்லை.

"ஆறிடும். முதல்ல சாப்பிடுங்க" என்றாள் எர்லிந்தா. கிண்ணம் நிறையத்தான் இருந்தது. அதிலேயே இன்னும் ஒரு அகப்பை பீன்ஸ் சூப்பை ஊற்றினாள். மேசைவிரிப்பில் கறுப்பாக வழிந்து பரவியது. இன்னும் ஒரு அகப்பை ஊற்றினாள்.

தெருவில் எத்தனையோ வீடுகள் இருக்க, தோன்யா எர்லிந்தாவின் வீடுதான் வேண்டும் என்று இவர் ஏன் பெயர் சொல்லிக் கேட்டு வந்தார் என்று ஊரில் யாருக்கும் தோன்றவில்லை.

அவளுக்கு முதல் நாளே தெரிந்துபோயிற்று. படுக்கை விரிக்கப் போனவள், திறந்து கிடந்த அவருடைய பெட்டியில் செல்வினின் நீலச் சட்டையைப் பார்த்தாள். துவைத்து, இஸ்திரி போட்டு, கோவிலுக்கு எடுத்துவைத்த துணிபோல மடித்திருந்தது. காலரில் சிவப்பு நூல் தையல். வீட்டில் நீல நூல் இல்லாத அன்று அவளே போட்டது.

வேறு யாரையும் வைத்துச் சொல்லாமல் தன் வாயாலேயே சொல்ல வேண்டும் என்று, இந்த வயதில் மொழி படிக்க வந்திருக்கிறார். நல்ல மனிதர்.

சட்டையை இருந்தபடியே வைத்துவிட்டு வந்தாள். அன்று மத்தியானமே பாடத்தை ஆரம்பித்தாள்.

"கேட்டியா கிழவி, எவ்வளவு சுத்தமாப் பேசறார்!" நிக்கனோருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. "அவளை விடுங்க, நீங்க சொல்லுங்க தோன் ஹார்லன், சொல்லுங்க" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.