உதடு ஒட்டும் இடம்

அந்தக் கார்ட்டூன் படத்தின் நாலாம் பாகத்திலும் நாயகனின் காதலிக்கு நான்தான் குரல். மூன்று பாகங்களாக அவளுக்கு நான் பேசியதெல்லாம் "ஐயோ!", "பார்த்து!", அப்புறம் அவன் பெயர். "ஜெயவீரா!" என்று மலை உச்சியிலிருந்து, கூண்டுக்குள்ளிருந்து, ஏன், தண்ணீருக்குள்ளிருந்துகூடக் கத்தியாயிற்று. இன்று ஒரு காட்சியில் அவள் வாய் அசைந்தது. என் கையிலிருந்த தாளில் அந்த இடத்துக்கு வசனமே இல்லை. "எழுத மறந்துட்டாங்கக்கா. உதட்டுக்கு உட்கார்ற மாதிரி நீங்களே எதையாவது சொல்லிடுங்க," என்றார் ஒலிப்பதிவு செய்யும் தாவூத். எதையாவதா? எனக்குச் சுர்ரென்று ஏறியது. திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னேன். உதடு ஒரே ஒரு தடவை ஒட்டிப் பிரிந்தது. ஏழாவது தடவை மைக்கில் சொன்னேன்: "என் பேர் என்ன?" 'பே'யில் உதடு ஒட்டி, கச்சிதமாக உட்கார்ந்தது. தாவூத் சிரிக்கவில்லை. நாலு பாகத்துத் தாள்களையும் புரட்டினார். எல்லாவற்றிலும் 'காதலி' என்றுதான் இருந்தது. பிறகு காட்சியை முழுசாக ஓட்டினார். அவள் கேட்டாள். ஜெயவீரன் திரும்பி, போன வாரமே பதிவாகிவிட்ட குரலில், "வா, நேரமாச்சு!" என்றான். அவள் சிரித்துக்கொண்டே அவன் பின்னால் ஓடினாள். அந்தச் சிரிப்புக்கு இன்னும் குரல் கொடுக்கவில்லை. மைக் முன்னால் நிற்கிறேன். சிவப்பு விளக்கு எரிகிறது.