ராட்சசனின் வேகம்

சாயங்காலம் ஆவதற்குள் அவள் கையில் மூன்று பேர் செத்துப்போனார்கள்.

"என்னக்கா, தூங்கிட்டீங்களா? கண்ணு முன்னாடி சாகுறேன், வேடிக்கை பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க!" ஹெட்போனில் தடியன் கத்தினான்.

ஆன்லைன் விளையாட்டில் அவர்கள் ஐந்து பேர் ஒரு படை. எங்கெங்கோ ஊர்களில் உட்கார்ந்துகொண்டு சேர்ந்து ஆடுகிறவர்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. முன்னால் நின்று அடி வாங்குவது தடியன் வேலை. பின்னால் நின்று, விழுகிறவனுக்கு உயிர் கொடுப்பது அவள் வேலை. படையில் அவளுக்கு 'வைத்தியச்சி அக்கா' என்று பெயர்.

அவர்களுக்கு எதிரியாக வரும் கல் ராட்சசன் கதாயுதத்தை ஓங்கும்போது, அடி யார்மேல் விழப்போகிறதோ அவர் காலடியில் ஒரு சிவப்பு வளையம் தோன்றும். அது சுருங்கி மறைவதற்குள் அவள் சரியான பட்டனைத் தட்ட வேண்டும். போன மாதம் வரைக்கும் பேச்சும் சிரிப்புமாக, அலட்டிக்கொள்ளாமல் செய்த காரியம்.

"அப்டேட் வந்ததிலேர்ந்து அவன் வேகத்தைக் கூட்டிட்டாங்கப்பா. மனுஷங்க ஆடுற ஆட்டமா இது?" என்றாள்.

கத்திக்கொண்டிருந்த தடியன் திடீரென்று தணிந்து பேசியது அவளுக்கு இன்னும் சுருக்கென்றது. "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த வாரம் போட்டி. கொஞ்ச நாள் நீங்க வெளியில இருங்க. வேற ஒருத்தரைப் பார்த்து வச்சிருக்கோம்."

ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். அழக்கூடாது என்றுதான் நினைத்தாள், முடியவில்லை.

கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்த கணவர் எட்டிப் பார்த்தார். "அட, விளையாட்டுக்குப் போயா அழுவாங்க? எழுந்திரு, மூஞ்சியைக் கழுவு. காலைல சீக்கிரம் கிளம்பணும்னு நீதானே சொன்னே?"

வாஷ்பேசினுக்குப் போனாள். முகம் கழுவ வந்ததை மறந்து, பழக்கதோஷத்தில் கைகளை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

விடுமுறைக்கு வந்திருந்த மகள் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் இந்த ஆட்டத்தை எப்போதாவது ஆடுகிறவள்தான்.

"என்னைப் படையிலேர்ந்து எடுத்துட்டாங்க. நீயே சொல்லுடி. ராட்சசனைக் கஷ்டமாக்கிட்டாங்கதானே?"

விளையாட்டுக் கம்பெனியின் அறிவிப்பை மகள் தேடி எடுத்து வாசித்தாள். அவள் நெற்றி சுருங்கியது. "இல்லம்மா. சுலபமாக்கியிருக்காங்க. புதுசா வர்றவங்க தாக்குப்பிடிக்க முடியாம பாதியிலேயே ஓடிடறாங்களாம். அதனால அவன் வேகத்தைக் குறைச்சுட்டாங்க. வளையம்கூட முன்னைவிட ரொம்ப நேரம் நிக்குமாம்."

"அப்போ மவுஸ் போயிருக்கும். இல்லேன்னா நெட் மந்தம்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!" மகள் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தாள். "தள்ளு, நான் பார்க்குறேன்."

அதே நாற்காலி, அதே கீபோர்டு, அதே மவுஸ். பயிற்சிக் களத்தைத் திறந்து, வாயில் பிஸ்கட்டோடு, கணினியே ஆட்டுவிக்கும் வீரர்களை வைத்துக்கொண்டு மகள் ஆடினாள். ஒருவர்கூடச் சாகாமல் ராட்சசன் பொலபொலவென்று சரிந்தான்.

"பார்த்தியா? நான் உன் கால்தூசிக்குப் பெறமாட்டேன். எனக்கே செத்துட்டான்."

அவள் சிரிக்கவில்லை. "ரொம்ப ரொம்பச் சுலபமா வை. முதல் முதலா ஆட வர்றவங்களுக்கு வைப்பாங்களே, அதுல."

மகள் அப்படியே வைத்து, எழுந்து அவளுக்கு நாற்காலியை விட்டாள். சிவப்பு வளையம் எறும்பு ஊர்கிற மாதிரி நிதானமாகச் சுருங்கியது. அவள் அதைப் பார்த்தாள். தெளிவாகப் பார்த்தாள். தட்டு என்று விரலுக்குச் சொன்னாள். விரல் ஒரு கணம் யோசித்தது. பிறகு போய்ப் பக்கத்துப் பட்டனைத் தட்டியது, அதையும் இரண்டு தரம்.

திரையில் வீரன் விழுந்தான். மறுபடி ஆடினாள். மறுபடியும் விழுந்தான்.

வலது கையை மேஜைமேல் விரித்து வைத்தாள். மோதிர விரலும் சுண்டு விரலும் யாரோ அடியில் நூல் கட்டி இழுப்பதுபோல மெல்லத் துடித்தன. இடது கையால் அழுத்திப் பிடித்தாள். பிடிக்குள்ளும் அது நிற்கவில்லை.

மகள் பிஸ்கட்டை மெல்வதை நிறுத்தினாள். "அம்மா... விடும்மா. விளையாட்டுதானே?"

"ஆமாடி. விளையாட்டுதான்." அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "என் போன் எங்கே?"

"ஐயோ, அந்தப் பசங்ககிட்ட சண்டைக்குப் போகாதேம்மா. எடுத்துட்டாங்க, எடுத்துட்டுப் போகட்டும். உனக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

"அவங்க செஞ்சது சரிதான்" என்றாள். மகள் விழித்தாள்.

சார்ஜரிலிருந்து போனைப் பிடுங்கி எடுத்தாள். எண்ணைத் தட்டும்போதும் விரல் ஒரு தரம் தவறியது. அழித்துவிட்டுத் திரும்பத் தட்டினாள். மடித்த துணியோடு வாசற்படியில் வந்து நின்ற கணவரின் முகத்தில் இப்போது கேலி இல்லை.

மறுமுனையில் எடுத்தார்கள். அவள் மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னாள்:

"சிஸ்டர், நாளைக்கு அந்தக் குழந்தைக்கு ஹார்ட் ஆபரேஷன் நான் பண்ணல, வேற சர்ஜனைக் கூப்பிடுங்க."