இரண்டாவது சாட்சி

இளங்கவிஞர் நிதிநல்கைக்கு விண்ணப்பிப்பவர் உண்மையிலேயே கவிஞர்தான் என்று ஊர் வி.ஏ.ஓ. விசாரித்துச் சான்று தரவேண்டும். வாரிசுச் சான்றுக்குக் கேட்பதைப் போலவே இதற்கும் அக்கம்பக்கத்தார் இருவர் சாட்சி சொல்ல வேண்டும். இன்று மாலையோடு கெடு முடிகிறது. அடுத்த வருடம் செண்பகவல்லிக்கு வயது தாண்டிவிடும்.

வி.ஏ.ஓ. அவள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தெருவில் யாரும் அவளுடைய ஒரு வரியைக்கூடப் படித்ததில்லை. அவளும் காட்டியதில்லை. எதிர்வீட்டு ஆரோக்கியமேரி மட்டும் வந்து நின்றாள்.

"கவிதையெல்லாம் எனக்குத் தெரியாது சார். ஆனா இவ வீட்டுல சோறு அடிபிடிக்கிற வாசம் வராத நாளே கிடையாது. நான் சத்தம் போட்டாத்தான் ஓடிப்போய் அடுப்ப நிறுத்துவா. அப்பவும் வாய் எதையோ முணுமுணுத்துக்கிட்டே இருக்கும்."

அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். "இன்னொருத்தர் யாரும்மா?"

செண்பகவல்லி தெருவைப் பார்த்தாள். எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கதவுகள் பூட்டிக் கிடந்தன.

"வீட்டு ஆளுங்க சொன்னா செல்லாது. நான் தாலுகா ஆபீஸ் போகணும்" என்று பேனாவை மூடி எழுந்தார்.

"கொஞ்சம் இருங்க சார். கொஞ்ச நேரம்."

அப்போது உள்ளேயிருந்து கருகல் வாசம் வந்தது. வி.ஏ.ஓ. நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். "போய் அடுப்ப நிறுத்தும்மா" என்றார்.

பதறி உள்ளே ஓடப்போன ஆரோக்கியமேரியின் கையைச் செண்பகவல்லி இறுகப் பிடித்துக்கொண்டாள்.