பெரிய ஆந்தை

ஆந்தைக்குக் கண் இந்தளவு காணாது என்றாள் இந்துஜா. இன்னும் பெரிசாக வேண்டுமாம்.

தர்மினி ஆந்தையாகிக்கொண்டிருந்த பூசணிக்காயைத் தன் பக்கம் திருப்பி, கண்ணைச் சுற்றி இன்னும் ஒரு விரல் அகலத்துக்குத் தோலைச் சீவினாள். ஓட்டை போடவில்லை. தோலை மட்டும் எடுத்துச் சதையை விட்டால், உள்ளே விளக்கு வைக்கும்போது கண் மஞ்சளாக ஒளிரும். பள்ளிக்கூடத்தில் கேட்டுக்கொண்டு வந்து ஆறு வயது இந்துஜாதான் சொல்லிக்கொடுத்தாள்.

"இப்ப காணுமோ?"

"இன்னும், அன்ரி. இவ நித்திரை கொள்ளமாட்டா."

தர்மினி இன்னும் கொஞ்சம் சீவினாள்.

நோர்வேயில், ஸ்டோவ்னரில் ஏழாம் மாடி வீடு. சமையலறை மேசையில் பழைய பேப்பர் விரித்து, அதன்மேல் இரண்டு பூசணிக்காய்கள். ஒன்று பெரிது, ஒன்று உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. கீழே போய்ப் பொறுக்கி வந்த மேப்பிள் இலைகள் செட்டை. ஒரு கரட் துண்டு சொண்டு. கழுவிக் காயவைத்த விதைகளுக்கு இந்துஜா ஒவ்வொன்றாகப் பசை தடவி, கூர் கீழே பார்க்கும்படி, பெரிய ஆந்தையின் நெஞ்சில் இறகாக ஒட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று ஹலோவீன். பொழுதுபட்டதும் பிள்ளைகள் வேடம் போட்டுக்கொண்டு மாடி மாடியாக இனிப்புக் கேட்டு வருவார்கள். மற்ற வாசல்களில் எல்லாம் பல்லைக் காட்டுகிற பூசணிக்காய்கள். இந்துஜா பல் வேண்டாம் என்று விட்டாள். ஆந்தைதான் வேண்டும் என்று ஒரே பிடி.

"நல்ல நாளும் அதுவுமாய் ஆந்தையே?" என்றான் தர்மினியின் கணவன் சயூரன்.

தர்மினி பார்த்த பார்வையில், தோண்டியெடுத்த பூசணிச் சதையை அள்ளிக்கொண்டு கறி வைக்க அடுப்படிக்குப் போய்விட்டான்.

நல்ல நாள்தான். நாலு மணிக்கு இந்துஜாவின் அம்மா வந்து அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள்.

பெற்றோரோடு இருக்க முடியாமற்போகும் பிள்ளைகளைக் கொஞ்சக் காலம் வைத்துப் பார்க்கிற வீடு, தர்மினியின் வீடு. பார்னவேர்ண் என்ற பிள்ளைகள் பாதுகாப்பு அலுவலகக்காரர் கொண்டுவந்து விடுவார்கள். நிலைமை சரியானதும் வந்து கூட்டிப்போவார்கள். இதற்கு முன்னர் இரண்டு நோர்வேப் பிள்ளைகள் இருந்து போனார்கள். புட்டுக் குழைத்துத் தரச்சொல்லிக் கேட்ட முதல் பிள்ளை இந்துஜா.

அவளுடைய அம்மா துஷ்யா தனி ஆள். பிள்ளையைப் படுக்கவைத்துவிட்டுப் பஸ் கழுவும் இரவு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். மாசி மாதத்தில் ஒருநாள், தாயைத் தேடி வெறுங்காலோடு படிக்கட்டில் நின்ற பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரர் கண்டார். அடுத்த நாள் இந்துஜா இங்கே வந்தாள்.

வந்த புதிதில் அவள் படுக்கமாட்டாள். தர்மினி கட்டிலோரம் நிலத்தில் சுவரில் சாய்ந்தபடி இருப்பாள். பிள்ளை கண்ணைத் திறக்கும்போதெல்லாம், "முழிப்பாத்தான் இருக்கிறன்" என்பாள். அம்மா எப்போது வருவா என்று பிள்ளை கேட்கும். வருவா என்று சொல்லுவாள். கோடை விடுமுறைக்குப் பிறகு பிள்ளை அதைக் கேட்பதை விட்டுவிட்டது. கிழமைக்கு ஒருமுறை தாயைப் பார்த்துவிட்டு வந்தாலும் வாய் திறப்பதில்லை.

இப்போது இந்துஜா சின்னப் பூசணிக்கு இரண்டு வளைந்த கோடு கீறி, கண் மூடியிருக்கிறது என்றாள். அதைத் தூக்கிப் பெரிய ஆந்தையின் இலைச் செட்டைக்குக் கீழே ஒட்டி வைத்தாள்.

பெரிய ஆந்தை யார் என்று தர்மினி கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று நினைத்தாள். கத்தியைக் கொண்டுபோய் நெடுநேரம் கழுவினாள்.

நாலு மணிக்கு மணி அடித்தது. துஷ்யாவும் கூடவே பார்னவேர்ண் பெண்ணும். துஷ்யாவுக்கு இப்போது ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் பகல் வேலை. புது ஜக்கெட் போட்டிருந்தாள். உள்ளே வரச் சொல்லியும் கால்மிதியைத் தாண்டவில்லை. இந்துஜா தாயைக் கண்டதும் திரும்பி உள்ளே ஓடினாள்.

அவள் ஓடிய பக்கம் பார்த்தபடி துஷ்யா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அக்கா, என்னைக் கேட்டவளோ?"

"ஒவ்வொரு நாளும் கேட்டவள்" என்றாள் தர்மினி. பொய் தடக்காமல் வந்தது.

இந்துஜா திரும்பி வந்தாள். உடுப்புப் பையை எடுத்து வரவில்லை. பெரிய ஆந்தையைக் கட்டிப்பிடித்துத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு, வழி நெடுகப் பசை காயாத விதைகளைக் கொட்டிக்கொண்டு நேரே தாயிடம் போனாள்.

"இது நீங்கள்" என்றாள்.

துஷ்யா அதை வாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே குந்திவிட்டாள். பிறகு தர்மினியை நிமிர்ந்து பார்த்தாள்.

"வேலைக்குப் போக முதல் சொல்லிப்போட்டுத்தான் போறனான், அக்கா. அம்மா ஆந்தை, இரவு முழுக்க முழிச்சிருப்பன், நீ பயப்பிடாமல் படு எண்டு."

பெரிய ஆந்தை தான்தான் என்றல்லவா தர்மினி நினைத்திருந்தாள். பிள்ளை வாய் திறவாமலே தாயைக் கேட்டுக்கொண்டிருந்தது என்பதும், தான் சற்றுமுன் சொன்னது பொய்யில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது.

அவள் குனிந்து நிலத்தில் சிந்திய விதைகளைப் பொறுக்கத் தொடங்கினாள். துஷ்யாவும் கால்மிதியைத் தாண்டி உள்ளே வந்து, பக்கத்தில் இருந்து பொறுக்கினாள்.

இந்துஜா ஆந்தையை அணைத்தபடி நின்று, கவனம், மிதித்துப்போடாதேங்கோ, அது இறகு என்று இரண்டு பேருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.