உயரத்தில் ஒரு வாசல்

இடிந்த கோட்டையின் நடுவில் உள்கோட்டை மட்டும் இன்னும் நிமிர்ந்து நின்றது. மழைக்கு ஒதுங்க இடம் தேடி, பிறந்து சில நாளே ஆன குட்டியோடு ஓர் ஆடு அதன் அடியில் வந்து நின்றது.

"வா, வா! வெளிமதில் விழுந்த அன்று ஊரே என்னிடம்தான் ஓடிவந்தது. உள்ளே கிணறு இருந்தது, நெல் இருந்தது. மேல்மாடத்தில் ராஜாவின் கைக்குழந்தை அழுதால் என் கல்லெல்லாம் அதிரும். அதெல்லாம் ஒரு காலம்!" என்றது உள்கோட்டை.

"வாசல் எங்கே?" என்று கேட்டது ஆடு.

"மேலே பார், மூன்று ஆள் உயரத்தில். ஏணியை உள்ளே இழுத்துக்கொண்டால் எந்த எதிரியும் ஏற முடியாது. எப்படி என் யோசனை?"

"நல்ல யோசனைதான். ஏணி?"

"கறையான் தின்றுவிட்டது."

குட்டி நடுங்கியது.

"இந்தப் பக்கம் வாம்மா" என்று புல்லுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. சரிந்து கிடந்த வெளிமதில்தான் கூப்பிட்டது. "நான் விழுந்தபோது கல்லெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து ஒரு பொந்து ஆகிவிட்டது. குட்டி நனையாது."

ஆடு உள்ளே நுழைந்துகொண்டது. மழை வலுத்தது. பொந்துக்குள் குட்டி பாலுக்குக் கத்தியது.

அந்தச் சத்தம் தன் கல் வரைக்கும் வருகிறதா என்று காதுகொடுத்தபடி உள்கோட்டை மழையில் நின்றது.