இன்றைக்குக் கிடைத்தது

வேலிப் படலையில் மார்க்கண்டுவின் மனைவி குணலட்சுமி நின்றாள். கையில் ஒரு கட்டு முருங்கையிலை.

அது என் மகன் றூபன் வீட்டுப் படலை. முருங்கையிலையும் அவனுக்குத்தான்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தடி ஊன்றிய என் கையைப் பார்த்தாள். பிறகு ஒதுங்கி வழிவிட்டாள்.

"பாத்துப் போங்கோ ஐயா. மழைக்குப் படி வழுக்கும்."

தலையசைத்துவிட்டு உள்ளே போனேன். அவளோடு நின்று கதைக்கும் நிலையில் நான் இல்லை.

றூபன் விறாந்தையில் இருந்து மடிக்கணினியில் எழுதிக்கொண்டிருந்தான். அந்த மடிக்கணினியும் யாரோ கொடுத்ததுதான்.

வங்கி வேலையை விட்டுவிட்டுப் போதகரானவன். சபை சிறியது. சம்பளம் இல்லை. புத்தூரில் யார் எதைக் கொடுத்தாலும் வாங்குவான். வாங்கியதை இணையத்தில் எழுதுவான். அந்தப் பக்கத்துக்கு 'இன்றைக்குக் கிடைத்தது' என்று பெயர் வேறு.

பத்மாசினி அக்கா வீட்டுப் புட்டு. பொன்னம்பலம் அண்ணையின் தோட்டத்து வெங்காயம். கொடுத்தவரின் பெயரோடும் படத்தோடும், உலகம் முழுவதும் வாசிக்கக்கூடியதாக.

என் பாட்டனார் மிஷனில் உபதேசியாராக இருந்தவர். அவரும் சம்பளத்துக்குத்தான் வேலை செய்தார். நான் உப அதிபராக இருந்த காலத்தில் பெற்றோர் கொண்டுவந்த வாழைக்குலைகளை வாசலோடு திருப்பி அனுப்பியவன். செல்வத்துரை வாத்தியார் வீட்டுக்கு வெறுங்கையோடுதான் போகவேண்டும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

கிணற்றடியில் விழுந்து கால் பிசகிய பிறகுகூட நான் ஒருவரையும் பிடித்துக்கொண்டு நடந்ததில்லை. இந்தக் கிழமைதான் றூபன் தடியைக் கொண்டுவந்து தந்தான். கறுப்பு மரம், அடியில் பித்தளைப் பூண். நல்ல வேலைப்பாடு. மகன் தகப்பனுக்கு வாங்கிக் கொடுப்பது வேறு விஷயம். எங்கே வாங்கினாய் என்றும் கேட்கவில்லை.

அவன் எழுதுவதை இதுவரை பொறுத்திருந்தேன். அன்று காலை ரொறன்ரோவிலிருந்து தம்பியின் மகள் ஜொய்சி தொலைபேசி எடுத்தாள்.

"பெரியப்பா, றூபன் அண்ணை அந்தியேட்டிச் சாமான் வாங்கியிருக்கிறார். இஞ்சை எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கினம்."

மார்க்கண்டு குடும்பம் சைவம். செவ்வாய்க்கிழமை அவர் செத்த முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி நடந்தது. செத்தவர் போகிற நெடுவழிக்கு உதவும் என்று சில பொருட்களை அன்று ஐயருக்குத் தானம் கொடுப்பார்கள். நாங்கள் தலைமுறை தலைமுறையாக வேதக்காரர்தான். ஆனாலும் யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் இது தெரியும். ஐயர் வாங்கினால் அது தானம். வேறொருவன் வாங்கினால் அதற்கு ஊர் வைக்கும் பெயரே வேறு.

ஜொய்சி அவன் எழுதியதை வாசித்தாள். குடை, செருப்பு, வேட்டி, செம்பு. மேலும் வாசிக்கப் போனாள். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

றூபன் எழுந்து கதிரையை இழுத்துப் போட்டான். நான் இருக்கவில்லை.

"அதை அழி. இப்பவே அழி. இல்லாட்டி இனி என்ரை வாசலுக்கு வராதை."

"மார்க்கண்டு அண்ணை சாகமுன்னம் சொன்னது அப்பா. ஐயருக்கு ஒரு பங்கு, எனக்கு ஒரு பங்கு எண்டு. தெல்லிப்பழை ஆசுப்பத்திரியிலை அவருக்குப் பக்கத்திலை இருந்தது நான்தானே."

"என்ன சாமான் எண்டு தெரிஞ்சுதான் வாங்கினியோ?"

"ஓம்."

"வெக்கமில்லையோ உனக்கு?"

"இருந்தது. வேண்டாம் எண்டுதான் சொல்ல வெளிக்கிட்டனான்." கொஞ்சம் நிறுத்தினான். "பிறகு ஒரு தேவை ஞாபகம் வந்தது."

அவன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினான்.

"நீங்களே அழியுங்கோ. இதிலை ஒருக்கால் அமத்தினால் போதும்."

தடியைக் கதிரையில் சாத்திவிட்டு மூக்குக்கண்ணாடியைப் போட்டேன்.

பொருட்களைப் பாயில் வரிசையாக வைத்துப் படம் எடுத்திருந்தான். குடை, செருப்பு, மடித்த வேட்டி, செம்பு. செம்புக்கு அப்பால் படத்தை வெட்டியிருந்தான். வெட்டியதுதான் சற்றுப் பிசகிவிட்டது.

ஓரத்தில் ஒரு பித்தளைப் பூண் தெரிந்தது.

படத்துக்குக் கீழே, ஜொய்சி வாசிக்கப் போய் நான் கேட்காமல் விட்ட வரி இருந்தது.

'இன்னொன்றும் கிடைத்தது. அது என்னைவிடத் தேவையுள்ள ஒருவரிடம் போயிற்று. அவருடைய பெயரை எழுதமாட்டேன்.'

றூபன் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மழைத்தண்ணீர் இன்னும் வடியவில்லை. படலையில் குணலட்சுமி அப்படியே நின்றாள்.

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தேன். கதிரையைப் பார்த்தேன். விறாந்தைப் படிகளைப் பார்த்தேன்.

பிறகு தடியை எடுத்தேன்.

"படத்தை ஒழுங்கா வெட்டிப் போடு," என்றேன்.

படியிறங்கி முற்றத்தைக் கடந்தேன். குணலட்சுமி முருங்கையிலைக் கட்டை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு படலையைத் திறந்துவிட்டாள். இந்த முறையும் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உயரம் சரியோ ஐயா? கடையிலை நான்தான் பாத்து எடுத்தனான்."

"ஓம்," என்றேன்.