சாருஜாவின் வட்டத்தட்டு

"விளக்கைத் தொடேல்லை, வயரைக் கழட்டேல்லை. ஆனால் வெளிச்சம் குறையுது. எப்பிடி? சொல்லுங்கோ பாப்பம்!"

கொக்குவிலில் நடந்த விஞ்ஞானக் கண்காட்சியில், தன் மேசைக்கு வந்த எல்லோரிடமும் சாருஜா இந்த விடுகதையைத்தான் போட்டாள்.

விடை அவள் விரலுக்கடியில் இருந்தது. பிளாஸ்டிக் தாளில் அச்சடித்த ஒரு வட்டத்தட்டு. ஓரிடத்தில் தெளிவாகத் தொடங்கி, சுற்றிவரச் சாம்பலாகி, கறுப்பில் முடியும். லேசரின் பச்சைக் கதிர் அதை ஊடுருவி, ஒரு சின்ன வில்லையால் விரிந்து, எதிரே வெள்ளை அட்டையில் விழும். அட்டையின் நடுவே வெளிச்சத்தை அளக்கும் மீற்றர். தட்டைச் சுழற்றச் சுழற்ற முள் ஏறும், இறங்கும்.

"கரண்டைக் குறைச்சால் போதாதோ?" என்று ஒரு தகப்பன் மடக்கினார்.

"குறைச்சுக்கொண்டு போனால் லேசர் ஒரேயடியா நிண்டுபோம், அங்கிள். அதை அதின்ரை பாட்டிலை விட்டிட்டு, தட்டைத்தான் சுத்தோணும்."

பேச்சில் பிசகில்லை. ஆனாலும் அவளைக் கூட்டிவந்த மகாதேவி ரீச்சர் மேசையை விட்டு நகராமல் நின்றார். எட்டு வருடமாக அவருடைய பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பிள்ளைகூட மாகாணப் போட்டிக்குப் போனதில்லை. இந்த முறை சாருஜாதான் நம்பிக்கை. அவளோ, ஆட்கள் நகர்ந்ததும் தட்டைக் கறுப்புக்குத் திருப்பிவிடுகிறாள்!

"ஏனடி பிள்ளை, கலியாண வீட்டிலை லைற்றை நூத்துப்போட்டு இருக்கிற மாதிரி இருக்கிறாய்? கூச்சமோ?"

"இல்லை ரீச்சர்."

"பின்னை? பற்றரி மிச்சம் பிடிக்கிறியோ?"

சாருஜா சிரித்தாள். ரீச்சர் தாமே தட்டை வெளிச்சப் பக்கம் திருப்பினார். கறுப்புச் சீலை கட்டி இருட்டாக்கிய வகுப்பறை முழுவதும் பச்சையானது.

நடுவர்கள் இருவர் உள்ளே வந்தார்கள். இருட்டு வேண்டிய இரண்டு மேசைகளுக்கும் அந்த ஒரே அறைதான். கனகசபாபதி சேர் சாருஜாவிடம் வந்தார். மற்றவர் மூலை மேசைக்குப் போனார். அங்கே கொழும்புத்துறையிலிருந்து வந்த நிவேதனா, ஆறாம் வகுப்புக்காரி, ஒரு போத்தலைக் கட்டிப்பிடித்தபடி நின்றாள்.

விடுகதையைக் கேட்டுக் கனகசபாபதி சேர் வாய்விட்டுச் சிரித்தார். "கெட்டிக்காரி! சரி, முழு வெளிச்சத்திலையிருந்து படிப்படியாக் குறைச்சு, ஒவ்வொரு அளவாச் சொல்லு. அங்காலை இன்னும் பத்து மேசை கிடக்கு. அளவு இல்லாட்டி நான் புள்ளி போடேலாது."

மூலையிலிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது.

"சேர், கடல்தண்ணி சேர். கலக்கினால் நீலமா மின்னும். தெரியுதோ?"

"ஒண்டும் தெரியேல்லையே, பிள்ளை."

"விடியக்காலமை அப்பா அள்ளித் தந்தவர், சேர். அப்ப மின்னினது. நல்ல இருட்டெண்டால் தெரியும்..."

"சரி, பரவாயில்லை." மற்ற நடுவர் புள்ளி போடப் பேனையைத் திறந்தார்.

போத்தலைக் குலுக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

சாருஜா திரும்பிப் பார்த்தாள். மகாதேவி ரீச்சர் சட்டென்று அவள் காதருகே குனிந்தார்.

"அங்காலை பாக்காதை. தட்டு நிக்கிற இடத்திலை அப்பிடியே நிக்கட்டும்."

"ம், முதல் அளவு?" என்றார் கனகசபாபதி சேர்.

சாருஜா தட்டைக் கறுப்புப் பக்கம் திருப்பினாள். மூலை மேசை வரைக்கும் அறை இருண்டது.